சூட்டு முள் நடுவில் நிற்கட்டும்

கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் வியாபாரம் செய்யும் எம்மில் பலர் இன்னும் இருபது, முப்பது வருடப் பழைய டீசல் வேனில்தான் மலையகத்துக்குச் சாமான் அனுப்புகிறோம். 2020இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இல் மீண்டும் திறக்கப்பட்டாலும், வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் பழையதே போதும் என்றாகிவிடுகிறது. அப்படியானால் எஞ்சின் சூட்டைப் பற்றி முதலாளியும் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் சாரதியின் தலையில் போட முடியாது.

எஞ்சின் எவ்வளவு குளிராக ஓடுகிறதோ அவ்வளவு நல்லது என்பது தவறான எண்ணம். தண்ணீர் 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை இருக்கும்போதுதான் பெரும்பாலான எஞ்சின்கள் ஒழுங்காக வேலை செய்யும். இதைக் காப்பது தெர்மோஸ்டாட் என்ற சின்ன வால்வு. அதனுள்ளே மெழுகு இருக்கிறது. பல எஞ்சின்களில் 82 பாகையளவில் அது உருகி விரிந்து வால்வைத் திறக்கும். அதன் பிறகே சுடுதண்ணீர் ரேடியேட்டருக்குப் போகும்.

"சூடான நாட்டுக்கு இது எதற்கு?" என்று சில கராஜ்களில் இதைக் கழற்றி வீசிவிடுகிறார்கள். எமது வேனுக்கும் அதுதான் நடந்தது. கொழும்புக்குள் ஓடியபோது ஒன்றும் தெரியவில்லை, டீசல் மட்டும் கூடுதலாகக் குடித்தது. பாரத்தோடு கண்டிக்குப் போனபோது கடுகண்ணாவை ஏற்றத்தில் கொதித்து நின்றுவிட்டது. சில எஞ்சின்களில் சூடேறியதும் பக்க வழியை அடைப்பதும் இதே வால்வுதான். அது இல்லாவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைக் காணாமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். ஹெட் காஸ்கட் போனது, வளைந்த ஹெட்டையும் சமப்படுத்த வேண்டி வந்தது. வேன் கராஜில் கிடந்த நாட்களில் வாடகை லொறிக்குக் கொடுத்தது வேறு. பஞ்சிகாவத்தையில் அந்த வால்வின் விலை இதற்குப் பக்கத்தில்கூட வராது! பழைய வால்வு சரியா என்று பார்க்க, சட்டியில் தண்ணீர் வைத்து அதைப் போட்டுச் சூடாக்குங்கள். கொதி வருமுன் வாய் திறக்க வேண்டும்.

ரேடியேட்டர் மூடியையும் அலட்சியம் செய்யாதீர்கள். வெறும் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டால் ஏறக்குறைய 118 பாகை வரை தாங்கும். ரப்பர் வெடித்த மூடியால் அது முடியாது.

முள் ஏறினால் ஏசியை நிறுத்தி வேனை ஓரங்கட்டுங்கள். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். காய்ந்த எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். ஏறிய முள் திடீரென விழுந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம். தண்ணீர் முற்றாக இறங்கிவிட்டால் சென்சர் தண்ணீரில் படாமல் பொய்க்கணக்குக் காட்டும்.

இப்போது எமது சாரதி மாவனல்லையில் தேநீருக்கு நிறுத்தும்போது, பக்கத்துப் போத்தலில் கூலன்ட் மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றத்துக்கு வேனை எடுக்கிறார்.