77-வது நிமிடத்தில் 10,000 பேர் எழுந்து போன கதை தெரியுமா?

உங்கள் அணி 2-0 என்று முன்னிலையில் இருக்கிறது. ஆட்டம் முடிய இன்னும் 13 நிமிடம்தான் பாக்கி. வெற்றி கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டது. இந்த நேரத்தில் யாராவது எழுந்து வீட்டுக்குக் கிளம்புவார்களா? கிளம்பினார்களே! ஒருவர் இருவர் இல்லை, சுமார் 10,000 பேர்! 2016 பிப்ரவரி 6, இங்கிலாந்தில் லிவர்பூல் கிளப்பின் ஆன்ஃபீல்டு மைதானம், எதிரணி சண்டர்லேண்ட். கடிகாரம் 77-வது நிமிடத்தைத் தொட்டதும் கோப் எனப்படும் ஸ்டாண்டில் ஆரம்பித்து வரிசை வரிசையாக ரசிகர்கள் எழுந்தார்கள், கிளப் முதலாளிகளின் பேராசையைத் திட்டிப் பாடினார்கள், வாசலைப் பார்த்து நடந்தார்கள். லிவர்பூலுக்காகப் பல ஆண்டுகள் ஆடிய ஜேமி காராகரும் அந்தக் கூட்டத்தோடு வெளியேறினார். சட்டசபை வெளிநடப்பு எல்லாம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது!

அதென்ன 77? புதிதாகக் கட்டிக்கொண்டிருந்த மெயின் ஸ்டாண்டில் அடுத்த சீசனுக்கான மிக உயர்ந்த டிக்கெட் விலை 77 பவுண்ட் என்று கிளப் அறிவித்திருந்தது. அன்றைய மதிப்பில் ஏறக்குறைய ரூ.7,500. அதற்கு முன்பு உச்ச விலை 59 பவுண்டாக இருந்தது. "ஸ்பிரிட் ஆஃப் ஷாங்க்லி", "ஸ்பியன் கோப் 1906" என்ற இரண்டு ரசிகர் அமைப்புகள் சேர்ந்து, 77 பவுண்டுக்கு 77-வது நிமிடத்தில் பதில் சொல்லலாம் என்று முடிவெடுத்தன.

இனிமேல்தான் விசேஷம். ரசிகர்கள் கிளம்பிப் போனபோது 2-0. சில நிமிடங்களில் சண்டர்லேண்டின் ஆடம் ஜான்சன் ஒரு கோல். ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது ஜெர்மெய்ன் டிஃபோ இன்னொரு கோல். 2-2 டிரா! ரசிகர்கள் போனதால்தான் அணி சறுக்கியதா என்பதை யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் லிவர்பூலில் அப்படி நம்பாதவர் யார்? பயிற்சியாளர் யூர்கன் கிளாப் வேறு அன்று மைதானத்திலேயே இல்லை. அப்பண்டிக்ஸ் கோளாறு அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தது!

அடுத்த நான்கே நாளில் அமெரிக்க முதலாளிகள் இறங்கி வந்தார்கள். பகிரங்க மன்னிப்பு. 77 பவுண்ட் திட்டம் ரத்து. உச்ச விலை 59 பவுண்டிலேயே இரண்டு சீசன்களுக்கு நிறுத்திவைப்பு. பெரிய எதிரணி வந்தால் ஒரு விலை, சின்ன எதிரணி வந்தால் ஒரு விலை என்றிருந்த முறையும் ஒழிந்தது. ஒரு மதியவேளையில் வெறும் 13 நிமிடம் நாற்காலியைக் காலியாகப் போட்டதற்கு இவ்வளவு!

அந்த விலை உயர்வால் கிளப்புக்குக் கூடுதலாக எவ்வளவு வந்திருக்கும் தெரியுமா? வருடத்துக்குச் சுமார் 20 லட்சம் பவுண்ட் என்று அப்போது பேசப்பட்டது. அதே நேரத்தில் இங்கிலாந்தின் முதல்நிலைத் தொடரான பிரீமியர் லீக் 2016 முதல் 2019 வரையிலான மூன்று சீசன்களுக்குப் பிரிட்டனில் நேரடி ஒளிபரப்பு உரிமையை விற்ற தொகை 513.6 கோடி பவுண்ட். ஒளிபரப்பாகும் ஒவ்வொரு மேட்சுக்கும் ஒரு கோடி பவுண்டுக்கு மேல்! ஒரே மேட்சின் டிவி பணத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லாத தொகைக்காக, தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கும் ரசிகரை வாசலில் நிறுத்திப் பேரம் பேசினார்கள். டிவி பணம் 20 கிளப்புகளுக்கும் பிரியும் என்பது உண்மைதான். இருந்தாலும் கணக்கு இடிக்கிறதா இல்லையா?

அதே வாரம், கடல் தாண்டி ஜெர்மனியில் இன்னொரு கூத்து! பிப்ரவரி 9, ஸ்டுட்கார்ட் நகரில் ஜெர்மன் கோப்பைக் காலிறுதி. டார்ட்மண்ட் அணியின் ரசிகர்கள் முதல் 20 நிமிடம் தங்கள் கேலரிக்கே வரவில்லை. வந்தபோது கையில் என்ன இருந்தது? டென்னிஸ் பந்துகள்! மஞ்சள் மஞ்சளாக மைதானத்துக்குள் மழையாகப் பொழிந்தன. கால்பந்து ஆட வந்தவர்கள் குனிந்து டென்னிஸ் பந்து பொறுக்கினார்கள். காரணம் அதேதான், டிக்கெட் விலை. இந்த ரசிகர்களுக்கு இது புதிதும் இல்லை. நின்று பார்க்கும் இடத்துக்கு 20 யூரோ கேட்பது அநியாயம் என்று 2010-லேயே தனி இயக்கம் தொடங்கி, பரம எதிரியான ஷால்கேவுடன் மோதும் ஆட்டத்தையே புறக்கணித்தவர்கள் இவர்கள். ஊரே காத்துக் கிடக்கும் மேட்சைப் பார்க்காமல் வீட்டில் இருப்பதற்கு எவ்வளவு வைராக்கியம் வேண்டும்!

(டென்னிஸ் பந்து ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. ஜெர்மன் லீக்கின் வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டாளர்களுக்கு விற்கும் திட்டத்தை எதிர்த்து 2023 கடைசியிலும் 2024 தொடக்கத்திலும் வாராவாரம் பந்து மழை, தங்கக் காசு வடிவச் சாக்லேட் மழை. உச்சக்கட்டமாக ரோஸ்டாக் நகர மைதானத்தில் ரிமோட் பொம்மைக் கார்கள் புகை கக்கிக்கொண்டு சுற்றின! பிப்ரவரி 21 அன்று லீக் நிர்வாகம் திட்டத்தைக் கைவிட்டது. டிக்கெட் விவகாரம் இல்லைதான், ஆனால் பொம்மைக் காரை எழுதாமல் விட மனம் வரவில்லை.)

சரி, ஒரு வரி பேசியதற்காக அடுத்த மேட்சை இழந்த உதவி நடுவரைத் தெரியுமா? 2013 ஜனவரி 13, லண்டனில் ஆர்சனலுக்கும் மான்செஸ்டர் சிட்டிக்கும் மேட்ச். வெளியூர் ரசிகர்களுக்கு டிக்கெட் 62 பவுண்ட். சிட்டிக்கு ஒதுக்கிய சுமார் 3,000 டிக்கெட்டுகளில் 912 விற்காமல் திரும்பி வந்தன. வந்தவர்கள் விலையைக் கேள்வி கேட்டு ஒரு பேனர் பிடித்தார்கள். அதை மைதான ஊழியர்கள் இறக்கச் சொன்னார்கள். ஆட்டத்தில் சிட்டிக்கு வெற்றி. ஆட்டம் முடிந்ததும் உதவி நடுவர் ஜான் புரூக்ஸ், அந்த ரசிகர்கள் 62 பவுண்ட் கொடுத்து வந்திருக்கிறார்கள், போய் அவர்களைப் பாருங்கள் என்று சிட்டி வீரர்களிடம் சொன்னார். டிவி மைக் அதை அப்படியே பிடித்துவிட்டது! ரசிகர்கள் அவரைக் கொண்டாடினார்கள். அதிகாரிகளோ அடுத்து அவர் பணிபுரிய வேண்டிய மேட்சிலிருந்து அவரை விலக்கிவைத்தார்கள். மனசாட்சிக்கு இத்தனை சீக்கிரம் லீவு கொடுத்து நான் பார்த்ததில்லை.

அதே ஆர்சனல் மைதானத்துக்கு 2015 அக்டோபரில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் வந்தது. இந்த முறை 64 பவுண்ட். பேயர்ன் ரசிகர்கள் முதல் ஐந்து நிமிடம் உள்ளேயே வரவில்லை. உலகமே பார்க்கும் சாம்பியன்ஸ் லீக் மேட்ச், கேமரா திரும்பினால் ஒரு மூலை முழுக்க வெறும் நாற்காலி! எனக்கு இந்தப் போராட்டங்களில் ஆகப் பிடித்தது இதுதான். கல்லெறியவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. கிளப்புகள் டிவிக்கு விற்பது பந்தை மட்டுமா? அந்தப் பாட்டு, கொடி, இரைச்சல் எல்லாம் சேர்த்துத்தானே விற்கிறார்கள்? அந்தச் சரக்கைத் தயாரிப்பவர் ரசிகர். தயாரிப்பவரிடமே காசும் வாங்குகிற வியாபாரம் வேறு எங்காவது உண்டா? முதல் நாள் முதல் காட்சிக்குப் பிளாக்கில் டிக்கெட் வாங்கி, தியேட்டருக்குள் திருவிழாவையும் தானே நடத்திக் கொடுக்கும் நம்மூர் ரசிகரைத் தவிர!

வெளியூர் ரசிகரின் டிக்கெட் 20 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று இங்கிலாந்தின் ரசிகர் சம்மேளனம் 2013-லிருந்தே கேட்டுவந்தது. ஆன்ஃபீல்டு வெளிநடப்பு நடந்த மறுமாதமே, 2016 மார்ச்சில், பிரீமியர் லீக் கிளப்புகள் 30 பவுண்ட் உச்சவரம்புக்குச் சம்மதித்தன. கேட்டது 20, கிடைத்தது 30. மூன்று சீசனுக்கென்று வந்த அந்த வரம்பு பிறகு நீட்டிக்கப்பட்டது.

விலை ஏன் இப்படி ஏறியது என்று தேடினால் ஒரு துயரத்தில் போய் முட்டுகிறோம். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசல் 97 லிவர்பூல் ரசிகர்களின் உயிரைக் குடித்தது. விசாரித்த நீதிபதி டெய்லர் 1990 ஜனவரியில் அளித்த அறிக்கையில், பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றார். அதோடு நிற்கவில்லை. இருக்கை போட்டால் விலையை ஏற்றியே ஆகவேண்டும் என்பதில்லை என்பதற்கு உதாரணமும் காட்டினார். கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் உட்கார 6 பவுண்ட், நிற்க 4 பவுண்ட்! கிளப்புகள் அறிக்கையில் இருந்த நாற்காலியை எடுத்துக்கொண்டன, 6 பவுண்டை விட்டுவிட்டன. கால் நூற்றாண்டுக்குள் ஆர்சனலின் மிக உயர்ந்த டிக்கெட் 97 பவுண்ட்.

இன்னும் பின்னால் போவோமா? 1880-களில் இங்கிலாந்தில் பெண்களுக்கு நுழைவு இலவசம், தெரியுமா? 1885-இல் பிரெஸ்டன் கிளப்பின் ஒரு மேட்சுக்கு 2,000 பெண்கள் வந்து நின்றதும் சலுகை பறிபோனது. ஸ்காட்லாந்தில் பொடியன்கள் வாசலில் நின்று, காசு கொடுத்து உள்ளே போகும் பெரியவர்களிடம் தூக்கிவிடச் சொல்லிக் கெஞ்சுவார்கள். அவர்களும் சுழல்கதவுக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் இறக்கிவிடுவார்கள். டிக்கெட் இல்லை, கேள்வியும் இல்லை! ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருக்கும்போது வெளியேறுபவர்களுக்காக வாசலைத் திறப்பார்கள், அந்தச் சந்தில் காசில்லாதவர்கள் உள்ளே போய்க் கடைசிக் கட்டத்தைப் பார்த்துவிடுவார்கள்.

கோபமும் அப்போதே உண்டு! 1909 ஏப்ரல் 17, கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க், ஸ்காட்டிஷ் கோப்பை இறுதிப் போட்டி. செல்டிக்கும் ரேஞ்சர்ஸும் முதல் முறை 2-2, மறுமுறை 1-1. கூடுதல் நேரம் உண்டு என்று காத்திருந்த 60,000 பேரிடம், ஆட்டம் அவ்வளவுதான் என்றார்கள். மூன்றாவது முறையும் வாசல் வசூல் பார்க்கத்தான் இப்படி டிரா செய்கிறார்கள் என்ற சந்தேகம் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. கூட்டம் மைதானத்துக்குள் பாய்ந்தது. தீ வைத்தது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? டிக்கெட் காசு வாங்கும் கூண்டுகளின் மரப்பலகைகளுக்கு! இந்த ஊரில் கீரியும் பாம்புமாக இருக்கும் இரண்டு அணி ரசிகர்களும் அன்று ஒன்றாக நின்று போலீஸோடு மோதினார்கள். அந்த ஆண்டு கோப்பையை யாருக்குமே கொடுக்கவில்லை.

எல்லா முதலாளியும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பேயர்ன் மியூனிக் தலைவராக இருந்த ஊலி ஹோனஸ், ரசிகர்கள் பால் கறக்கும் மாடுகள் அல்ல என்று பேசியவர். சீசன் டிக்கெட்டை ஏற்றினால் வரும் கூடுதல் பணம், ஒரு வீரரை வாங்கும்போது ஐந்து நிமிடப் பேரத்தில் கரைந்துவிடும் என்பது அவர் வாதம். ஜெர்மனியின் இரண்டாம் டிவிஷனில் இருந்த ஃபோர்டுனா டுசெல்டார்ஃப் கிளப்போ ஒருபடி மேலே போய், சில மேட்சுகளுக்கு எல்லோருக்கும் டிக்கெட் இலவசம் என்று 2023-இல் அறிவித்தது! காசு ஸ்பான்சர்களிடமிருந்து வரும். அக்டோபர் 21, முதல் இலவச மேட்ச், எதிரணி கைசர்ஸ்லாட்டர்ன். லட்சத்துக்கும் மேற்பட்டோர் டிக்கெட் கேட்டு விண்ணப்பித்தார்கள். ஆட்டம் தொடங்கியது, ஃபோர்டுனா 0-3 என்று பின்தங்கியது. ஓசி டிக்கெட்டுக்கு ஓசி ஆட்டம்தான் என்று யாராவது முணுமுணுத்திருப்பார்கள். முடிவு 4-3, ஃபோர்டுனா வெற்றி!

இங்கிலாந்தில் அமைதி வந்துவிட்டதா? எங்கே! 2024-இல் லிவர்பூல் மறுபடி 2 சதவீதம் ஏற்ற, ஏப்ரலில் அடலாண்டா அணியுடனான ஐரோப்பா லீக் மேட்சில் கோப் ஸ்டாண்டில் ஒரு கொடி, ஒரு பேனர் கிடையாது. அன்று லிவர்பூல் சொந்த மைதானத்தில் 0-3 தோல்வி. (இவர்கள் போராடும் நாளில் எதிரணியின் மேல் பந்தயம் கட்டலாம் போலிருக்கிறது.) அதே ஆண்டு கடைசியில் மான்செஸ்டர் யுனைடெட், சீசன் பாதியில், மீதமிருந்த உறுப்பினர் டிக்கெட்டுகளுக்கெல்லாம் 66 பவுண்ட் என்றது. சிறுவருக்கும் அதே, முதியவருக்கும் அதே! டிசம்பர் 1, எவர்ட்டன் மேட்சுக்கு முன்பு ஓல்டு டிராஃபோர்டு வாசலில் நூற்றுக்கணக்கானோர் திரண்டார்கள்.

எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது 2026 உலகக் கோப்பை! அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ சேர்ந்து போட்டியை நடத்தும் உரிமை கேட்டபோது, ஆரம்பச் சுற்றுக்கு 21 டாலர் டிக்கெட் உண்டு என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 2025 டிசம்பரில் அணிகளின் ரசிகர்களுக்கான விலைப்பட்டியல் வந்தது. இறுதிப் போட்டிக்கு ஆகக் குறைந்த விலை 4,185 டாலர்! ஐரோப்பிய ரசிகர் கூட்டமைப்பு இதை மாபெரும் துரோகம் என்றது. கிராக்கி ஏறினால் விலையும் ஏறும் முறை வேறு. ஒருவர் தன் டிக்கெட்டை உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் தளத்திலேயே மறுவிற்பனை செய்தால், விற்பவரிடம் 15 சதவீதம், வாங்குபவரிடம் 15 சதவீதம் ஃபிஃபாவுக்கு! நியூயார்க் மேயர் தேர்தலில் நின்ற ஸோரான் மம்தானி, ஆமாம், இயக்குநர் மீரா நாயரின் மகன்தான், இந்த விலைமுறையை எதிர்த்துக் கையெழுத்து இயக்கமே நடத்தினார். கால்பந்து டிக்கெட் அமெரிக்காவில் தேர்தல் பிரச்சினை ஆகும் என்று பத்து வருடம் முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்!

எதிர்ப்பு கிளம்பிச் சில நாள்களிலேயே ஃபிஃபா கொஞ்சம் வளைந்தது. 104 மேட்சுகளுக்கும், இறுதிப் போட்டி உட்பட, 60 டாலர் டிக்கெட் உண்டு என்றது. ஆஹா என்று குதிப்பதற்கு முன் சின்னதாக ஒரு கணக்கு. மைதானத்தின் இருக்கைகளில் ஒவ்வொரு அணியின் ரசிகர்களுக்கும் 8 சதவீதம். அந்த 8 சதவீதத்துக்குள் 10 சதவீதம்தான் 60 டாலர் டிக்கெட். 80,000 பேர் உட்காரும் மைதானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அணிக்கு வெறும் 640 பேர்!