பழைய வீட்டின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை: கை வைப்பதற்கு முன்

தென்னங்கீற்றுக் கூரையிலிருந்தும் ஓட்டுக் கூரையிலிருந்தும் மாற விரும்பிய எளிய குடும்பங்களுக்குத் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் முதலில் கைக்கு எட்டிய கூரை, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றும் சிமெண்ட் ஷீட் என்றும் வழங்கும் சாம்பல் நிற நெளிதகடே ஆகும். அது தீப்பற்றுவதில்லை, துருப்பிடிப்பதில்லை, ஆண்டுதோறும் கீற்று மாற்றும் செலவையும் வைப்பதில்லை என்பதால் வீடு, மாட்டுத் தொழுவம், தறிக்கூடம், பள்ளிக்கூடம் என எங்கும் அது பரவியது. ஆனால் அத்தகட்டுக்கு வலுவூட்டும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழை மூச்சுக்காற்றோடு உள்ளே சென்றால் புற்றுநோயை உண்டாக்கவல்லது என்பதும், நல்ல நிலையில் உள்ள கூரை அசையாமல் கிடக்கும்போது வெளிவரும் இழையைக் காட்டிலும் அதைத் துளைத்து, அறுத்து, தேய்த்து, உடைக்கும் சில மணி நேரத்தில் வெளிவரும் இழை மிக அதிகம் என்பதும், அக்கூரையின் கீழ் வாழ்வோருக்கும் அதன் மேல் ஏறி வேலை செய்வோருக்கும் போதிய அளவு சொல்லப்படவில்லை.

கல்நார் என்பது இழைவடிவில் விளையும் ஆறு சிலிக்கேட் கனிமங்களுக்கான வணிகப் பொதுப்பெயராகும். அவற்றுள் கிரைசோடைல் எனப்படும் வெண்கல்நார், குரோசிடோலைட் எனப்படும் நீலக்கல்நார், அமோசைட் எனப்படும் பழுப்புக்கல்நார் ஆகிய மூன்றே பெருமளவில் தொழிலுக்குப் பயன்பட்டன. இன்று விற்பனையில் இருப்பது வெண்கல்நார் மட்டுமே. வாழைநாரைக் கிழிக்கக் கிழிக்க அது குறுக்கே முறியாமல் நீளவாக்கில் மேலும் மேலும் மெல்லியதாகப் பிரிவது போலவே கல்நாரும் பிரிகிறது. வெண்கல்நாரின் தனியிழை ஏறத்தாழ 25 முதல் 30 நானோமீட்டர் வரையே தடிப்புடையதாதலால், ஒரு தலைமயிரின் குறுக்களவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இழைகளை அருகருகே அடுக்கிவிடலாம். இவ்வளவு மெல்லிய இழை கண்ணுக்குத் தெரிவதில்லை, மணப்பதில்லை, தொண்டையில் உறுத்துவதுமில்லை. காற்றில் ஒருமுறை எழும்பினால் பல மணி நேரம் படியாமல் மிதக்கிறது.

இந்த இழையைச் சிமெண்டோடு சேர்த்துத் தகடாக்கும் முறையை உருவாக்கியவர் ஆஸ்திரியாவைச் சேர்ந்த லுட்விக் ஹாட்செக் ஆவார். அட்டை செய்யும் இயந்திரத்தைத் தழுவி அவர் அமைத்த முறையில், இழையும் சிமெண்டும் கலந்த நீர்த்த குழம்பு சல்லடை உருளைகளில் மெல்லிய படலமாகப் படிந்து, கம்பளித் துணியில் ஏறி, பெரிய உருளையொன்றில் சுற்றுக்கு மேல் சுற்றாகச் சேர்ந்து வேண்டிய தடிப்பை அடைகிறது. ஈரம் உலர்வதற்குள் அதை வெட்டி நெளிவு கொடுத்துவிடுகின்றனர். 1901இல் காப்புரிமை பெற்ற இம்முறையே உலகெங்கும் பரவியது. முடிவில் கிடைக்கும் தகட்டின் எடையில் பத்து விழுக்காட்டை ஒட்டிய பங்கே கல்நார். மீதியில் பெரும்பகுதி சிமெண்ட். சிமெண்ட் கெட்டியாக இருக்கும்வரை இழை அதற்குள் பிணைந்தே கிடக்கிறது. கொதிகலன்களின் மேல் பூசப்பட்ட, விரலால் நசுக்கினாலே பொடியாகும் கல்நார்ப் பூச்சோடு கூரைத் தகட்டை ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பதற்கு இப்பிணைப்பே காரணம். அதே பிணைப்பு உடையும்போது தகடு தரும் பாதுகாப்பும் போய்விடுகிறது.

நுரையீரலின் நுண்காற்றறைகளுக்குள் புகும் தூசியை விழுங்கி வெளியேற்றும் காவல் உயிரணுக்கள், தம்மைவிட நீளமான கல்நார் இழையை முழுமையாக விழுங்க இயலாமல், அதைக் கரைக்கவும் முடியாமல், அழற்சியூட்டும் வேதிப்பொருள்களைச் சுரந்துகொண்டே மடிகின்றன. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் இவ்வழற்சியால் நுரையீரல் தழும்பேறி இறுகும் ஆஸ்பெஸ்டோசிஸ் நோயும், நுரையீரல் புற்றும், நுரையீரலையும் வயிற்றுறுப்புகளையும் போர்த்தியுள்ள உறையில் தோன்றும் மெசோதெலியோமா என்னும் புற்றும் உண்டாகின்றன. தென்னாப்பிரிக்காவின் நீலக்கல்நார்ச் சுரங்கப் பகுதியில் இக்கடைசி நோய் திரண்டிருப்பதை வாக்னரும் உடன் ஆய்வாளர்களும் 1960இல் 33 நோயாளிகளைக் கொண்டு காட்டினர். அவர்களுள் சுரங்கத்தில் ஒருநாளும் வேலை செய்யாமல் அருகில் வாழ்ந்தவர்களும் இருந்தனர். 1965இல் லண்டனில் வெளியான நியூஹவுஸ், தாம்சன் ஆகியோரின் ஆய்வு, தொழிலாளியின் தூசி படிந்த உடையோடு ஒரே வீட்டில் இருந்த உறவினருக்கும் அந்நோய் வந்திருப்பதைப் பதிவு செய்தது. இழை உள்ளே சென்றதற்கும் மெசோதெலியோமா வெளிப்படுவதற்கும் இடையே பெரும்பாலும் இருபது முதல் ஐம்பது ஆண்டுகள் கழிந்துவிடுவதால், இன்று தூசியில் நின்றவருக்கு நாளை எதுவும் ஆகவில்லை என்பது எதற்கும் சான்றாகாது. வெண்கல்நார் உள்ளிட்ட ஆறு வகைகளையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியுள்ளது. கல்நாரும் புகைப்பழக்கமும் ஒருவரிடத்தே சேர்ந்தால் நுரையீரல் புற்றின் அபாயம் பல மடங்கு பெருகுகிறது.

வீட்டின் வெளிப்புறத்தில் கூரைத் தகடு ஒன்றே கல்நாரின் இருப்பிடம் என்று கொள்வது தவறாகும். கழிவுநீர்த் தொட்டியின் மேல் குடை போன்ற மூடியுடன் நிற்கும் காற்றுக்குழாய், மாடியிலிருந்து மழைநீரை இறக்கும் பழைய சாம்பல் நிறக் குழாய், விறகடுப்புச் சமையலறையின் புகைபோக்கி ஆகியவை பல வீடுகளில் ஏ.சி. பைப் எனப்படும் ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் குழாய்களே. சன்னலுக்கு மேல் நீட்டிய வெயில் மறைப்பு, குளியலறையின் தடுப்பு, கோழிக்கூட்டின் மூடி, கொல்லைப்புறச் சேற்றில் கால் வைப்பதற்காகப் போட்ட உடைசல் ஆகியவற்றிலும் இத்தகடே பெரும்பாலும் இரண்டாம் பிறவி எடுத்திருக்கும்.

இது கல்நார்தானா என்பதைக் கண்ணால் உறுதிசெய்ய இயலாது. ஆஸ்திரேலியாவில் 2003ஆம் ஆண்டின் கடைசி நாளிலிருந்து எல்லா வகைக் கல்நாருக்கும் தடை உள்ளதாலும், வீடுகளில் அதன் பயன்பாடு அதற்கு முன்பே குறைந்துவிட்டதாலும், கட்டிய ஆண்டைக் கொண்டு ஓரளவு ஊகிக்க முடிகிறது. இந்தியாவிலோ கல்நார்ச் சுரங்கத் தொழில் நின்றுபோன பின்னும் வெண்கல்நார் இறக்குமதியும் தகடு உற்பத்தியும் தொடர்வதால், புதிய வீடு என்ற காரணத்தால் எந்தச் சிமெண்ட் ஷீட்டையும் ஐயத்திலிருந்து விடுவிக்க முடியாது. இலங்கை அரசு 2018 முதல் வெண்கல்நாரைக் கட்டுப்படுத்தப் போவதாக அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைச் சரக்கில் வண்டு காணப்பட்டதாகக் கூறி ரஷ்யா தேயிலை இறக்குமதியை நிறுத்தியதும், கல்நாரை ஏற்றுமதி செய்யும் அந்நாட்டின் மனக்குறையைத் தீர்க்கும் முகமாக வெண்கல்நார்க் கட்டுப்பாடு தள்ளிவைக்கப்பட்டது. ஒரு தேயிலைச் சந்தைக்காக ஒரு நாட்டு மக்களின் மூச்சு காத்திருக்க நேர்ந்தது வருந்தத்தக்கது.

கல்நார் இல்லாத செயற்கையிழைச் சிமெண்ட் தகடுகளும் சந்தையில் உள்ளன. தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. துருவ ஒளி நுண்ணோக்கியில் பார்க்கும் ஆய்வகத்துக்கு ஈரமாக்கிய சிறு துண்டொன்றை மூடிய பையில் அனுப்பினால் விடை கிடைக்கும். அத்தகைய ஆய்வகம் எட்டாத ஊரில், ஆலையின் அச்சோ விற்பனைச் சீட்டோ கல்நார் இல்லை என்று தெளிவாகக் காட்டாதவரை, சாம்பல் நிற நெளிதகடு அனைத்தையும் கல்நார் என்றே வைத்துக்கொண்டு நடப்பதே முறையாகும். இந்த முன்னெச்சரிக்கைக்குச் செலவாவது கொஞ்சம் தண்ணீரும் சிறிது பொறுமையுமே.

விரிசலின்றி, ஓரம் உதிராமல், ஆணித்துளைகளைச் சுற்றிப் பிளக்காமல் இருக்கும் கூரையை அப்படியே விட்டுவைப்பதுதான் பெரும்பாலான வீடுகளுக்குப் பொருத்தமான முடிவு. ஆனால் மழையும் வெயிலும் பல ஆண்டுகள் மேற்பரப்புச் சிமெண்டை அரிக்க, தடவிப் பார்த்தால் மயிர் போல் சொரசொரக்கும் நிலை உண்டாகிறது. கழுவிவரும் இழை மழைநீர்த் தாழ்வாரத்தின் வண்டலில் சேர்கிறது. அந்த வண்டல் காய்ந்து கிடக்கும்போது துடைப்பத்தால் தள்ளாமல், நனைத்துச் சேறாக இருக்கும்போதே அள்ளி மூட்டை கட்ட வேண்டும். இத்தகைய கூரையின் கீழ் மேல்தளத் தடுப்பு ஏதும் இல்லையெனில், பி.வி.சி. பலகையாலான உட்கூரை அமைப்பது நல்லது. அவ்வேலையின் ஆணிகள் தகட்டில் இறங்காமல் சுவரிலும் சட்டத்திலும் மட்டுமே இறங்க வேண்டும்.

கோடைக்கு முன் கூரையில் வெள்ளை அடிக்கும் வேளை, தமிழ்நாட்டு வீடுகளில் இழை எழும்பும் தருணங்களுள் ஒன்றாக இருக்கிறது. சுண்ணாம்போ வெப்பந்தடுக்கும் பூச்சோ தன்னளவில் நன்மையே செய்கிறது, ஏனெனில் அது மேற்பரப்பை மூடி இழையைக் கட்டிவைக்கிறது. பூச்சு ஒட்ட வேண்டும் என்பதற்காக அதற்கு முன் காய்ந்த பாசியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தெடுப்பதும், அழுத்தக்குழாயால் பீய்ச்சிக் கழுவுவதும்தான் கேடு. பாசியைக் கொல்லும் கரைசலைத் தெளித்து அது தானே உதிரவிட்டு, மென்மையான ஈரத்துணியால் ஒற்றியெடுத்தபின் பூசினால் வேலை சற்று நீளும், தூசி எழாது. தொலைக்காட்சிக் குடையையோ சூரியமின் பலகையையோ பொருத்துவதற்குத் தகட்டில் துளையிடும் எண்ணத்தை இயன்றவரை கைவிட வேண்டும். தவிர்க்கவே முடியாத ஒரு துளையாயின், மின்சாரத் துரப்பணத்தை விடுத்து, துளையிடும் இடத்தில் முகச்சவர நுரையையோ கெட்டியான பசையையோ அப்பி, அதன் ஊடாகக் கைத்துரப்பணத்தால் மெல்லத் துளைத்து, இழை கலந்த நுரையை ஈரத்துணியால் வழித்துப் பையில் போட்டுக் கட்டிவிட வேண்டும். வட்டறுப்பான் கொண்டு தகட்டை அறுப்பதை எந்தக் காரணம் பற்றியும் ஏற்க இயலாது.

இழையைவிட உடனடியான வேறொரு ஆபத்தும் கூரையில் உண்டு. ஆறு மில்லிமீட்டர் தடிப்புள்ள இத்தகடு முதுமையடைந்தபின் ஆள் எடையைத் தாங்குவதில்லை. ஆணிகள் வரிசையாகத் தெரியும் இடத்தில், அதாவது பர்லின் எனப்படும் குறுக்குச் சட்டத்தின் நேர்மேலே, கால் வைத்தால் விழமாட்டோம் என்ற நம்பிக்கையில் ஏறி விழுந்தோர் பலர். இரண்டு சட்டங்களுக்கு மேலாகத் தாங்கும் நீண்ட பலகை விரித்து, இடுப்பில் கட்டிய கயிற்றை உறுதியான இடத்தில் பிணைத்தல்லாமல் யாரையும் மேலே ஏற்றக் கூடாது. கீழிருந்து சாரம் கட்டிச் செய்யக்கூடிய வேலையை அவ்வாறே செய்வது இன்னும் மேலானது.

தகட்டைக் கழற்றியே ஆக வேண்டுமெனில், உடைக்காமல் முழுத்தகடாக இறக்குவதே நோக்கமாக அமைய வேண்டும். வீட்டினரையும் அண்டை வீட்டுக் குழந்தைகளையும் அப்புறப்படுத்தி, கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் மூடி, காற்று குறைந்த வேளையில் வேலையைத் தொடங்குதல் நன்று. வாளித் தண்ணீரில் சிறிது சோப்புக் கரைசல் கலந்து தகட்டின் இருபுறமும் தெளித்தால் நீர் இழைக்கட்டுகளுக்குள் நன்றாக ஊறும். ஆனால் நனைந்த தகடு வழுக்கும் என்பதால் தெளிப்பது சாரத்திலிருந்தோ தரையிலிருந்தோ நிகழ வேண்டும். தகட்டைச் சட்டத்தோடு பிணைக்கும் ஜே வடிவக் கொக்கிகள் துருவேறி மரை திரும்ப மறுக்கும்போது, பொறுமையிழந்து தகட்டைச் சுத்தியலால் தட்டி விடுவிப்பதே வழக்கமாக நடக்கிறது. அதற்கு மாறாகப் போல்ட் வெட்டும் கத்தரியால் கொக்கியை அடியில் நறுக்கிவிட வேண்டும். மூன்று மீட்டர் நீளத் தகடு நாற்பது கிலோவை ஒட்டிய எடையுடையது. மேலிருந்து தூக்கிப்போடாமல் ஆள்மாற்றி இறக்குவதற்குப் போதிய கைகள் வேண்டும்.

இவ்வேலையில் துண்டை மூக்கில் கட்டுவதும் மருத்துவமனை முகமூடி அணிவதும் பயனற்றவை. பி100 வடிகட்டி பொருத்திய அரைமுகக் கவசமோ எஃப்எஃப்பி3 தரத்து முகமூடியோ தேவை, அதுவும் முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தினால் மட்டுமே பயன் தரும், தாடி வைத்தவருக்கு அது பொருந்தாது. வேலை முடிந்ததும் மேலுடையை ஈரத்துணியால் துடைத்து, உட்புறம் வெளியே வருமாறு சுருட்டிக் கழற்றி, கழிவோடு சேர்த்துக் கட்டிவிட்டு, முகமூடியைக் கடைசியாகக் கழற்றிக் குளிக்க வேண்டும். அவ்வுடை வீட்டுத் துணிகளோடு துவைக்கப் போகக் கூடாது. நாட்கூலிக்கு வரும் வண்ணம் பூசுபவரோ, மின்பணியாளரோ, உடைசலைக் கூட்டி அள்ளும் சித்தாளோ இவற்றைத் தாமாகக் கேட்கும் நிலையில் இல்லை. கேட்டால் வேலை கைநழுவும் என்று அஞ்சுவோரும் உண்டு. முகமூடியையும் தண்ணீரையும் சொற்களையும் முன்வந்து தரவேண்டிய கடமை வேலை கொடுப்பவருடையது.

2018 நவம்பரில் வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா போன்ற புயலுக்குப் பின் கூரைகள் துண்டுதுண்டாகத் தெருவில் கிடக்கும் வேளையில் இந்த ஒழுங்கெல்லாம் மறக்கப்படுகிறது. அப்போதும் நனைத்தபின் கையுறையோடு பெரிய துண்டுகளைப் பொறுக்கி, நொறுங்கலைத் துடைப்பம் இன்றி ஈரமண்ணோடு சேர்த்து அள்ளுதல் இயலக்கூடியதே. தீவிபத்தில் இத்தகடு சூடேறிப் பட்டாசு போல் வெடித்துச் சில்லுகளாகத் தெறிக்கும் என்பதால், எரிந்த வீட்டின் சாம்பலைக் கிளறுமுன்னும் தண்ணீர் தெளிக்க வேண்டும்.

இறக்கிய தகட்டை 200 மைக்ரான் அளவிலான தடித்த பாலித்தீன் விரிப்பில் இரண்டு சுற்றாகப் பொதிந்து, ஒட்டுநாடாவால் மூடி, உள்ளே இருப்பது என்ன என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். கல்நார்க் கழிவை ஏற்கத்தக்கவை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற அபாயகரக் கழிவு நிலையங்களே; தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டியில் அத்தகைய நிலையம் உள்ளது. ஆனால் ஆலைகளின் கழிவை எண்ணி அமைந்த அவ்வழி, பத்துத் தகட்டை வைத்துக்கொண்டு நிற்கும் ஒரு குடும்பத்துக்கு எளிதில் திறப்பதில்லை. உள்ளாட்சி அலுவலகத்திலும் வாரியத்தின் மாவட்ட அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டு, விடை வரும்வரை பொதிந்த தகடுகளை நிழலில் தட்டையாக அடுக்கி வைத்திருப்பதே இப்போதைக்கு இயன்றது. குப்பைமேட்டில் கொட்டுவதும், பள்ளத்தை நிரப்ப உடைத்துப் போடுவதும், பழைய ஷீட் வாங்குபவரிடம் விற்பதும் அவ்விழையை இன்னொரு வீட்டுக்கு அனுப்பிவைப்பதேயாகும். தகடு வாங்கும்போதே திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளரிடம் வைக்கும் சட்டமும், ஒன்றியம்தோறும் ஒரு சேகரிப்பு நாளும் அரசால் ஏற்படுத்தக்கூடியவை. கூரையைக் கழற்ற வேண்டிய வீடுகள் ஆண்டுதோறும் பெருகிவரும் நிலையில் அவ்விரண்டையும் இனியும் தள்ளிப்போட நியாயமில்லை.