குடலை இட்லியும் கூலித் தறியும்

காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை மூங்கில் குடலையில் மந்தாரை இலை விரித்து வேகவைப்பார்கள். மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்ந்த மாவு. தட்டு இட்லி பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். உயரமான குடலைக்கோ மணிக்கணக்காகும். அவசரப்பட்டு அடுப்பைத் தூண்டினால் என்ன ஆகும்? அழுத்தம் ஏறாத பாத்திரத்தில் ஆவியின் சூடு நூறு டிகிரியோடு நின்றுவிடும். நடுமாவு வேகமாக வேகாது. அடியிலுள்ள தண்ணீர்தான் வேகமாக வற்றும்.

வேலையிடத்துப் போட்டி இயங்குவதும் இப்படித்தான். போட்டி நெருப்பு. தண்ணீர், கூட வேலை செய்கிறவர்கள் ஒருவருக்கொருவர் கேட்காமலே செய்துகொள்ளும் உதவி. நெருப்பே இல்லாவிட்டால் ஆவி வராது என்பதும் உண்மை.

காஞ்சி நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையத்துத் தறியைப் பாருங்கள். கூலி சேலைக் கணக்கு. அடுத்த வீட்டில் தறி அடிக்கிற சத்தம் கேட்டால் இந்த வீட்டுக் கையும் வேகம் பிடிக்கும். நல்லதுதான், அவர் ஒரு சேலை கூடுதலாக நெய்தால் இவர் கூலி குறையப்போவதில்லை. ஆனால் கோர்வைச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓடும். நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். இருவரில் ஒருவர் முந்தினாலும் கரை சேருமிடத்தில் பிசகு தெரிந்துவிடும். விடியற்காலையில் தெருவில் பாவு (நீளவாட்டு நூல்) விரிக்கவும் அக்கம்பக்கத்துக் கைகள் வேண்டும். கூலிச் சீட்டில் அந்தக் கைகளுக்கு இடமில்லை.

தண்ணீர் வற்றுவது மந்தமான மாதங்களில். பத்துத் தறிக்கு ஆறு பாவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது அடுத்தவர் கைத்திறன் என் வீட்டுப் பட்டினி. தெரிந்த நுணுக்கத்தை யார் சொல்லித்தருவார்கள்? நெசவாளர்களை இதற்காகக் குறை சொல்வது அநியாயம். இருக்கும் பாவை முறைவைத்துப் பகிராதவர்கள்தான் பொறுப்பு.

பெரிய நிறுவனங்கள் இதே நெருக்கடியை வேண்டுமென்றே உண்டாக்கின. ஊழியர்களை வரிசைப்படுத்திக் கடைசியில் நிற்பவர்களை வெளியேற்றும் முறையை ஜெனரல் எலெக்ட்ரிக்கில் ஜாக் வெல்ச் புகழ்பெறச் செய்தார். மைக்ரோசாஃப்ட் தன் தரவரிசை முறையை 2013 நவம்பரில் கைவிட்டது.

தறியை விட்டு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் போகும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் சேரும்போதே ஒன்றைக் கேட்டுவிடுவது நல்லது: பக்கத்தில் நிற்பவருக்கு வேலை கற்றுக்கொடுத்தால் என் மதிப்பெண் ஏறுமா, இறங்குமா?