காதால் பார்க்கலாம் வங்கிக் கணக்கு

பார்வையற்றவர்கள் இன்டர்நெட் பேங்கிங்கைப் பயன்படுத்த முடியுமா? தாராளமாக முடியும். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் புரோகிராம் இருந்தால் போதும். ஆஸ்திரேலியாவில் 2006ல் உருவாகத் தொடங்கிய என்.வி.டி.ஏ. இலவசம், விண்டோஸில் இயங்கும், தமிழும் படிக்கும். மவுஸ் தேவையில்லை. டேப் கீயை அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

ஆனால், என்னைப் போல் புரோகிராம் எழுதுபவர்கள் கட்டத்துக்குப் பெயர் தராவிட்டால், 'எடிட்' என்று மட்டுமே ஒலிக்கும். அது அக்கவுண்ட் எண்ணா, தொகையா? கேப்சா வெறும் படமாக இருந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும். அருகில் இருப்பவரைக் கூப்பிட்டால் கணக்கு விவரமும் அவர் கண்ணில் படும்.

டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. என்.வி.டி.ஏ.வை நிறுவி, மானிட்டரை அணைத்துவிட்டு உங்கள் வங்கித் தளத்தில் நுழைந்து பாருங்கள். தடுமாறும் இடத்தை வங்கிக்கு எழுதுங்கள்.