ஸ்கேனில் ஒரு புள்ளி... உள்ளே 15 கோடி இணைப்பு!

மூளையை ஸ்கேன் எடுத்து, "எல்லாம் நார்மல்" என்று ரிப்போர்ட் வந்தால் நமக்கெல்லாம் ஒரு நிம்மதி. ஆனால், அதற்குப் பிறகும் வலிப்பு வந்துகொண்டே இருந்தால்? மனச்சோர்வு தீராமலே இருந்தால்? "ஸ்கேன்லயே ஒண்ணுமில்லேன்னுட்டாங்க. இது இவளா இழுத்துவிட்டுக்கிற வியாதி!" என்று வீட்டில் இருப்பவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

நோயாளியை ரொம்ப நோகடிக்கிற வார்த்தை இது. சரியான வார்த்தையும் இல்லை. ஏன் என்று புரிய, ஸ்கேன் எதைப் பார்க்கிறது, எதைப் பார்ப்பதில்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

புள்ளிக்குள்ளே ஓர் உலகம்

ஆஸ்பத்திரியில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் படம் புள்ளிகளால் ஆனது. ஒவ்வொரு புள்ளியும் மூளையில் சுமார் ஒரு மில்லி மீட்டர் அளவுள்ள இடம். கட்டி, ரத்தக் கசிவு, மூளைச் சுருக்கம் போன்ற பெரிய சமாசாரங்கள் அதில் தெரிந்துவிடும்.

சரி, கடுகைவிடச் சின்னதான அந்த ஒரு கன மில்லி மீட்டருக்குள் என்னதான் இருக்கிறது? 2024 மே மாதம் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஜெஃப் லிக்ட்மேன் குழுவும், கூகுள் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து இதற்குப் பதில் சொன்னார்கள். வலிப்பு நோய்க்காக 45 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஆபரேஷன். கோளாறு இருந்தது மூளையின் ஆழத்தில். அங்கே போய்ச் சேர, வழியில் இருந்த திசுவைக் கொஞ்சம் எடுக்க வேண்டியிருந்தது. அதில் ஒரு துளிதான் ஆராய்ச்சிக்கு வந்தது.

அந்தத் துளியில் 57 ஆயிரம் செல்கள்! 23 சென்டி மீட்டர் நீளத்துக்கு ரத்தக் குழாய்கள்! நரம்பு செல்கள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்ளும் இணைப்புகள், அதாவது 'சினாப்ஸ்'கள், சுமார் 15 கோடி! ஸ்கேனில் இத்தனையும் சேர்ந்து ஒரே ஒரு புள்ளி.

இடியாப்பத்தை நறுக்கினால்...

எப்படி எண்ணினார்கள்? இரண்டு நரம்பு செல்கள் சந்திக்கும் இடத்தில் உள்ள இடைவெளி, ஒரு மில்லி மீட்டரை 50 ஆயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான். சாதாரண மைக்ராஸ்கோப்பில் இது தெரியாது. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டும்.

முதலில் மூளைத் துணுக்கை ஆஸ்மியம் என்ற கன உலோகத்தில் ஊறவைப்பார்கள். செல்களின் சுவரில் அது ஒட்டிக்கொள்வதால் கோடுகள் பளிச்சென்று தெரியும். பிறகு பிசினில் பதித்து, கல் மாதிரி கெட்டியாக்கி, வைரக் கத்தியால் சீவுவார்கள். ஒவ்வொரு சீவலும் நம் தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிட மெல்லியது. அப்படி 5 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீவல்கள்!

இனிமேல்தான் வேலையே. ஓர் இடியாப்பத்தைக் குறுக்கே நறுக்கிப் பாருங்கள். ஒவ்வொரு இழையும் ஒரு புள்ளியாகத் தெரியும். அடுத்த சீவலில் அந்தப் புள்ளி துளி நகர்ந்திருக்கும். சீவல் சீவலாகப் புள்ளியைத் துரத்திக்கொண்டே போனால், இழை எங்கே புறப்பட்டு எங்கே போகிறது என்று பிடித்துவிடலாம். மூளையிலும் இதே கதைதான். இப்போது கம்ப்யூட்டர் துரத்துகிறது. அது தடுமாறும் இடங்களை மனிதர்கள் உட்கார்ந்து திருத்துகிறார்கள். இந்த ஒரு துளியின் படங்கள் பிடித்த இடம் மட்டும் 14 லட்சம் ஜி.பி.!

புழு, ஈ, எலி...

ஆரம்பத்தில் கம்ப்யூட்டர் உதவி அவ்வளவாகக் கிடையாது. ஒரு மில்லி மீட்டர் நீளப் புழு ஒன்றின் 302 நரம்பு செல்களை, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர், ஜான் வொயிட் குழுவினர் பெரும்பாலும் கையாலேயே குறித்து, 1986-ல் வெளியிட்டார்கள். அதற்குப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. 2024 அக்டோபரில் பழ ஈயின் முழு மூளை: 1,39,255 நரம்பு செல்கள். 2025 ஏப்ரலில் எலியின் மூளையில் ஒரு கன மில்லி மீட்டர்: 52 கோடி இணைப்புகள். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள்! முழுசாகப் படம் போட இன்னும் எவ்வளவு தூரம், பாருங்கள்.

"அப்போ வியாதி குணமாயிடுமா?"

இப்போதைக்கு இல்லை. இந்தப் படத்தை எடுக்க மூளையை வெட்டியாக வேண்டும். உயிருள்ள ஒருவர் தலைக்குள் எடுக்க வழியே கிடையாது. யாராவது எடுத்துத் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள். அதோடு, இது வயரிங் படம்தான். எந்த வயரில் எப்போது கரண்ட் ஓடுகிறது என்று சொல்லாது. புழுவின் படம் கைக்கு வந்து இத்தனை வருஷமாகியும், அது ஏன் இப்படி நெளிகிறது என்று முழுசாகப் புரியவில்லை. ஆனால், சரியான வயரிங் எது என்று தெரிந்தால்தானே கோளாறான வயரிங்கை அடையாளம் காண முடியும்? அதற்கான அஸ்திவாரம் இது.

நமக்குக் கிடைக்கும் பாடம் வேறு. தெருவில் நின்று பார்த்தால் வீடு நன்றாகத்தான் இருக்கும். உள்ளே ஒரு சுவிட்சில் லூஸ் கனெக்‌ஷன் இருப்பது தெருவுக்குத் தெரியுமா? 'ஸ்கேன் நார்மல்' என்றால் பெரிய சேதம் எதுவும் கண்ணில் படவில்லை என்றுதான் அர்த்தம். நோய் இல்லை என்று அர்த்தமில்லை.

அதனால்தான் வலிப்புக்கு ஈ.இ.ஜி. எடுக்கிறார்கள். என்ன நடந்தது என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். அடுத்த முறை வலிப்பு வந்தால், நோயாளியைப் பத்திரமாக ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு, கூட இருக்கும் ஒருவர் செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி. வலிப்பு 5 நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். ஸ்கேன் ரிப்போர்ட்டை நம்பி நீங்களாக மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்!