உங்களுக்குத் தெரியுமா? – முதலில் பூட்டு, பிறகு பொக்லைன்!

பழைய கட்டிடம் எதுவும் ஒரே நாளில் காணாமல் போவதில்லை. முதலில் ஆள் நடமாட்டம் குறையும். அப்புறம் கேட்டில் பூட்டு விழும். சுவர் விரிசலில் அரசங்கன்று முளைக்கும். அதற்கும் பிறகுதான் பொக்லைன் வரும். சென்னையின் நடுப்பகுதியில் போனவை, பிழைத்தவை பற்றிச் சில துணுக்குகள்.

இல்லாத மார்க்கெட், இருக்கிற பெயர்

சென்ட்ரலை ஒட்டிய புறநகர் ரயில் நிலையத்துக்கு ரயில்வே வைத்திருக்கும் பெயர் ‘மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்’. அங்கே மார்க்கெட் எதுவும் கிடையாது! பிராட்வே பக்கம் நெரிசலாக இருந்த சந்தையை இடம் மாற்றுவதற்காக 1900இல் திறக்கப்பட்டது மூர் மார்க்கெட். மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூரின் பெயர் அதற்கு. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, கிளி, முயல் என்று எதைத் தேடிப் போனாலும் கிடைத்த இடம். 1985 மே 30 அன்று தீக்கு இரையானது. வியாபாரிகள் அல்லிக்குளத்துக்குப் போனார்கள். அந்த இடத்தில் ரயில் நிலையம் வந்தது. சிவப்புக் கட்டிடத்தின் சிறிய மாதிரி ஒன்றுதான் இப்போது அங்கே நிற்கிறது.

ஊரையே இடித்த கதை

சென்னையின் முதல் பெரிய இடிப்பு நடந்து 250 ஆண்டுகளுக்கு மேலாகிறது. கோட்டையை ஒட்டி, இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் பகுதியில்தான் பழைய ‘கறுப்பர் பட்டினம்’ இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் கோட்டையைப் பிடித்ததும் அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். மீட்டுக்கொண்ட ஆங்கிலேயர்கள் மிச்சத்தையும் தரைமட்டமாக்கினார்கள். எதிரி ஒளிந்து வர வீடுகள் இருக்கக்கூடாது, பீரங்கிக்கு வெட்டவெளி வேண்டும் என்பதே காரணம். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் தப்பவில்லை. பிறகு பூக்கடைப் பக்கம் புதிதாக எழுந்தது. ‘இந்த எல்லைக்குள் யாரும் கட்டக்கூடாது’ என்று 1773இல் ஆறு தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸ் பக்கம் இன்றும் இருக்கிறது. புதிதாக எழுந்த ஊருக்கு ‘ஜார்ஜ் டவுன்’ என்ற பெயர் வந்ததோ 1911இல்தான்.

கிரவுண்டுக் கணக்கு

உறுதியாக நிற்கும் வீட்டை ஏன் இடிக்கிறார்கள்? ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. முன்பு அதில் ஒன்றரை மடங்கு, அதாவது 3,600 சதுர அடி கட்டலாம் என்பது பொதுவான வரம்பு. 2019ஆம் ஆண்டு விதிகள் அதை இரண்டு மடங்காக்கின. இப்போது 4,800. கூடுதல் கட்டணம் கட்டினால் இன்னும் கொஞ்சம் ஏறும். தாத்தா கட்டிய முற்றம் வைத்த ஒற்றை மாடி வீடு இந்தக் கணக்கில் ‘வீணாகும் இடம்’. நான்கு வாரிசுகள் என்றால் பில்டரோடு பேசி ஆளுக்கொரு ஃபிளாட் வாங்கிக்கொள்வதே சுலபம். வீட்டைத் தள்ளுவது வயசு அல்ல, மனை விலை.

இடிக்கிறவரே பணம் தருவார்

பழைய வீட்டை இடிக்க நாம் கூலி கொடுக்க வேண்டும் என்று நினைப்போம். பல நேரம் நடப்பது தலைகீழ்: இடிக்கும் காண்ட்ராக்டரே வீட்டுக்காரருக்குப் பணம் தருகிறார். பர்மா தேக்கு உத்தரம், வாசல் நிலை, தூண், ஜன்னல் கம்பி, பழைய செங்கல் எல்லாமே அவருக்குக் காசு. வந்ததும் அவர் பார்ப்பது சுவரை அல்ல. அண்ணாந்து உத்தரங்களை எண்ணுவார். செட்டிநாட்டு வீடுகளில் கழற்றிய கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் வரிசையாகச் சாத்தி வைக்கப்பட்டிருக்கும்.

கம்பியில்லாத கூரை

அந்த உத்தரங்களின் மேல் இருந்ததுதான் ‘மெட்ராஸ் டெரஸ்’. மரச்சட்டங்களுக்கு மேலே மெல்லிய சின்னச் செங்கற்களைக் குத்துவாக்கில், மூலைவாட்டாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் பிடிக்க வைப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடைசியில் தட்டோடு. இரும்புக் கம்பி கிடையாது, சிமெண்ட்டும் கிடையாது. சித்திரை வெயிலிலும் கீழே குளுமை. இடித்தால் ஒரு பகல் வேலை. கட்டத்தான் கைதேர்ந்த கொத்தனார்கள் இன்று அரிது.

தபால்தலை விற்கும் தியேட்டர்

அண்ணா சாலை தபால் நிலைய வளாகத்தில் தபால்தலை சேகரிப்போர் போகும் கட்டிடம் ஒன்று உண்டு. அது 1913இல் ‘எலெக்ட்ரிக் தியேட்டர்’! ஊமைப் படம் காட்டிய கொட்டகை. இரண்டே ஆண்டில் தபால் துறை கைக்குப் போனதால் பிழைத்துக்கொண்டது. அதே சாலையில் 1964இல் வந்த சஃபையர் வளாகத்தில் சஃபையர், புளூ டயமண்ட், எமரால்டு என ஒரே கூரையின் கீழ் மூன்று தியேட்டர்கள் இருந்தன. 1994இல் மூடினார்கள், இடித்தார்கள், மனை பல ஆண்டுகள் பொட்டலாகவே கிடந்தது.

விளம்பரப் பலகை தந்த பட்டியல்

அண்ணா சாலையில் கூர்மாடங்களோடு நிற்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டிடம் 1897இல் ஒரு மருந்து வியாபார நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டது. உரிமையாளரான எல்.ஐ.சி. 2006இல் இடிக்கத் தொடங்கியது. பாரம்பரியச் சின்னங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றம் போனது. 2010இல் ‘இடிக்கக்கூடாது’ என்று தீர்ப்பு வந்தது. அதற்குக் கைகொடுத்தது நீதிபதி பத்மநாபன் குழுவின் பட்டியல். அந்தக் குழு அமைந்ததோ விளம்பரப் பலகைகளை ஆராய! எந்தக் கட்டிடங்களைப் பலகை மறைக்கக்கூடாது என்று பார்க்கப் போய், 400க்கும் மேற்பட்ட பாரம்பரியக் கட்டிடங்கள் பட்டியலுக்குள் வந்துவிட்டன. ஆனால் தீர்ப்புக்குப் பிறகும் அந்தக் கட்டிடம் பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தது.

மாளிகை, சட்டமன்றம், ஆஸ்பத்திரி

ஓமந்தூரார் தோட்டத்தில் இருந்த அரசினர் மாளிகையைக் கிழக்கிந்தியக் கம்பெனி 1753இல் வாங்கியது. புதிய சட்டமன்ற வளாகத்துக்காக அது இடிக்கப்பட்டது. 2010 மார்ச்சில் திறப்பு விழா. குவிமாடம் முடியாததால் கலை இயக்குநர் தோட்டா தரணி சினிமா செட் போலத் தற்காலிக மாடம் அமைத்தார். 2011இல் ஆட்சி மாறியது. சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பியது. 2014இல் வளாகம் பல்நோக்கு மருத்துவமனை ஆனது. மாளிகையின் விருந்து மண்டபமாக 1802இல் எழுந்த ராஜாஜி ஹால் மட்டும் மிச்சம். அண்ணா முதல் கலைஞர் வரை தலைவர்களுக்கு ஊர் இறுதி மரியாதை செலுத்தியது அங்கேதான்.

சிறைக்குப் போகக் கூட்டம்

1837இல் எழுந்த சென்னை மத்திய சிறையை 2009இல் இடித்தார்கள். அதற்கு முன் பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கொடுத்தார்கள். கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். இடம் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனது.

மாணவிகள் தடுத்தது

எல்லா இடிப்பும் நடந்துவிடுவதில்லை. 2003இல் ராணி மேரிக் கல்லூரி இருக்கும் இடத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டத் திட்டம் வந்தது. மாணவிகள் கல்லூரியை விட்டு நகராமல் போராடினார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

எரிந்தும் எழுந்தது

சேப்பாக்கம் கலச மஹால் 1768இல் ஆற்காட்டு நவாபுக்காகக் கட்டப்பட்டது. 2012 ஜனவரியில் தீ விபத்து, கூரை விழுந்தது. ‘இனி இடிக்க வேண்டியதுதான்’ என்று பலரும் நினைத்த கட்டிடத்தைப் பொதுப்பணித்துறை பழைய முறையிலேயே சுண்ணாம்பும் மரமும் கொண்டு மீட்டது. இப்போது அங்கே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் இயங்குகிறது. செய்ய ஒரு வேலை கிடைத்ததால் அதற்கு ஆயுள் நீண்டது.

இரண்டு ஆண்டும் பன்னிரண்டு ஆண்டும்

நியூயார்க்கின் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கினார்கள். ஊர் கொதித்தது. 1965இல் பாரம்பரியக் கட்டிடங்களைக் காக்கச் சட்டம் வந்தது. கிராண்ட் சென்ட்ரல் நிலையம் பின்னாளில் தப்பியது அந்தச் சட்டத்தால்தான். தமிழ்நாட்டிலும் பாரம்பரிய ஆணையச் சட்டம் உண்டு, நிறைவேறியது 2012இல். நடைமுறைக்கு வந்தது 2024இல்!

புதுசும் பழசாகும்

1959இல் திறந்தபோது அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டிடம் நாட்டிலேயே உயரமானது. சினிமாவில் கதாநாயகன் சென்னைக்கு வந்துவிட்டான் என்பதைக் காட்ட அது ஒன்றே போதும். இன்று அதற்கு 60 வயது தாண்டிவிட்டது. தீயில் அழிந்த பழைய ஸ்பென்சருக்குப் பதில் வந்த ஸ்பென்சர் பிளாசாவும் இப்போது ‘பழைய மால்’தான்.

நீங்கள் செய்யக்கூடியது

அடுத்த முறை ஜார்ஜ் டவுன், மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் போனால் கடைப் பலகைக்கு மேலே ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். பல வீடுகளின் கைப்பிடிச்சுவர் நடுவே, சுதை வேலைப்பாட்டுக்குள் கட்டிய ஆண்டு இருக்கும். போனில் ஒரு படம் எடுத்துத் தெருப் பெயரோடு சேமித்து வையுங்கள். பூட்டு விழுந்துவிட்டால், பிறகு அந்தப் படம் மட்டுமே மிஞ்சலாம்.