அனைவருக்கும் உதவித்தொகை: ஹஜ்ரத் உமர் (ரலி) கொண்ட அளவுகோல்

செல்வர், வறியவர் என்னும் பேதமின்றி நாட்டு மக்கள் ஒவ்வொருவருக்கும் அரசு மாதந்தோறும் ஒரு தொகையை வழங்கிவிடலாமா என்ற கேள்வி இன்று பல நாடுகளில் எழுப்பப்படுகிறது. 'அனைவருக்கும் அடிப்படை வருமானம்' என்று இதற்குப் பெயரிட்டுள்ளனர். இந்திய அரசின் 2016-17ஆம் ஆண்டுப் பொருளாதார ஆய்வறிக்கையும் இதற்கென ஓர் அத்தியாயத்தை ஒதுக்கியிருந்தது. இஸ்லாமிய வரலாற்றைப் பயின்றோர்க்கு இது முற்றிலும் புதிய கேள்வியன்று.

வாசகர்கள் முதலில் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். ஜக்காத் வேறு, இது வேறு. ஜக்காத் எல்லோர்க்கும் உரியதன்று. அதைப் பெறத்தக்க எட்டு வகையினரைத் திருமறையின் ஒன்பதாம் அத்தியாயம் வரையறுத்துவிட்டது. நாம் இங்குக் கருதுவது பைத்துல்மாலில் நிலவரி முதலியவற்றால் சேர்ந்த பொதுச் செல்வத்தையே ஆகும். இராக்கின் வளமிக்க நிலங்களைப் போர்வீரர்களிடையே பங்கிட்டுவிட வேண்டும் என்று பலர் வற்புறுத்தியபோது, பின்வரும் தலைமுறையினருக்கு என்ன எஞ்சும் என்று கேட்டு அதை மறுத்தார்கள் கலீபா உமர் (ரலி) அவர்கள். அந்நிலங்களின் வருவாயே ஆண்டுதோறும் மதீனாவுக்கு வந்தது. அதனை வழங்குவதற்காக 'திவான்' என்னும் பெயர்ப்பதிவேட்டை ஏற்படுத்தினார்கள். இது நிகழ்ந்தது ஹிஜ்ரி 15இல் என்பர் சிலர். 20இல் என்பர் வேறு சிலர். (திவானில் நாட்டின் எல்லாக் குடிகளும் இடம்பெறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

அப்போதே மறுப்பும் எழுந்தது. இவ்வாறு உதவித்தொகை விதித்தால் மக்கள் பதிவேட்டையே நம்பி வாணிபத்தைக் கைவிட்டுவிடுவர் என்றார்கள் அபூசுப்யான் (ரலி). இன்றைய பொருளாதார அறிஞர்களின் வாயில் வரும் அதே வாதம்! பொதுச் செல்வம் பெருகிவிட்ட நிலையில் இதைத் தவிர்க்க இயலாது என்பதே கலீபா அளித்த விடை. அந்த அச்சம் எவ்வளவு மெய்யானது என்பதற்கு நம் காலத்தில் ஈரான் ஒரு சோதனைக்களமாக அமைந்தது. 2010 டிசம்பரில் எரிபொருள் மானியத்தைக் குறைத்த அந்நாட்டு அரசு, அதற்கு ஈடாக ஆள் ஒன்றுக்கு மாதம் 4,55,000 ரியால் வழங்கத் தொடங்கியது. இத்தொகையைப் பெற்றதால் மக்கள் பொதுவாக உழைப்பைக் குறைத்துக் கொண்டதாகச் சான்றில்லை என்று 2018இல் வெளியான ஆய்வு கூறிற்று.

எனவே, சோம்பேறித்தனத்தைப் பற்றிய கவலையைக் காட்டிலும் வேறிரண்டு கவலைகளே பெரியவை என்று கருதுகிறோம்.

ஒன்று, நிபந்தனை. பால்குடி மறந்த குழந்தைகளுக்கே தொகை என்று ஹஜ்ரத் உமர் (ரலி) முதலில் விதித்திருந்தார்கள். ஒருநாள் இரவு, மதீனாவில் வந்து தங்கிய வணிகக் கூட்டத்தாருக்குக் காவலாக அப்துர் ரஹ்மான் இப்னு அவ்பு (ரலி) அவர்களுடன் சென்றிருந்தபோது ஒரு குழந்தை ஓயாது அழுவதைக் கேட்டார்கள். மும்முறை சென்று தாயைக் கண்டித்தார்கள். வந்திருப்பவர் யாரென்றறியாத அப்பெண், பால்மறந்த பிள்ளைக்கே உமர் பணம் தருவதால், காலம் வருமுன்பே பாலை நிறுத்துவதாகச் சொன்னாள். அன்று சுபுஹுத் தொழுகையில் கலீபாவின் அழுகையினால் அவர்கள் ஓதுவது மக்களுக்கு விளங்கவில்லை. பின்னர், பிறந்த பிள்ளை ஒவ்வொன்றுக்கும் தொகை உண்டு என்று பறைசாற்றச் செய்தார்கள். எண்ணிப் பாருங்கள்: நல்லெண்ணத்தோடு வைத்த நிபந்தனைதான் ஒரு பச்சிளங்குழந்தையைப் பட்டினி போட்டது. தகுதியுடையோரைப் பொறுக்கி எடுக்கிறோம் என்று கூறும் எந்த அரசும் நினைவிற்கொள்ள வேண்டிய நிகழ்ச்சி இது.

மற்றொன்று, அளவு. உமர் (ரலி) அவர்கள் நாணயத்தோடு நிற்கவில்லை. ஒரு ஜரீப் அளவுத் தானியத்தை ரொட்டியாக்கி முப்பது பேரை அழைத்துப் பகலில் உண்ணச் செய்தார்கள், இரவிலும் அவ்வாறே. ஒருவருக்கு மாதம் இரண்டு ஜரீப் போதும் என்று அதிலிருந்து கணித்து, ஆண், பெண், அடிமை என்ற வேறுபாடின்றி அதையே விதித்தார்கள். விலை ஏறினாலும் இறங்கினாலும் வயிற்றின் அளவு மாறுவதில்லை அல்லவா?

ஈரானில் நேர்ந்தது இதற்கு மாறானது. தொடக்கத்தில் ஏறத்தாழ 45 டாலர் பெறுமானமுள்ளதாயிருந்த அத்தொகை, விலைவாசி பன்மடங்கு ஏறிய பின்னும் அதே எண்ணாக நின்றது. 2020இன் இறுதியில் வெளிச்சந்தைக் கணக்கில் இரண்டு டாலரைக்கூட எட்டவில்லை. ஆகவே, இத்திட்டம் நல்லதா என்று எம்மைக் கேட்டால், நல்லதே என்போம். ஆனால் அத்தொகை எத்தனை நாள் உணவு வாங்கும், விலை ஏறும்போது அது தானே ஏறுமா என்பதைச் சட்டத்திலேயே எழுதி வைத்தாலொழிய அன்று.

தானியத்தில் சமன் கண்ட கலீபா, நாணயத்தில் ஏற்றத்தாழ்வை அனுமதித்திருந்தார்கள். பத்ருப் போரில் கலந்துகொண்டோர்க்கு ஆண்டுக்கு 5,000 திர்ஹம், குழந்தைக்கு 100. ஹஜ்ரத் அபூபக்கர் (ரலி) காலத்தில் எல்லோர்க்கும் சமபங்கே இருந்தது. அடுத்த ஆண்டுவரை வாழ்ந்திருந்தால் கடைசி மனிதரையும் முதலாமவருடன் சமமாக்குவேன் என்னும் கருத்துப்பட இறுதிக் காலத்தில் உமர் (ரலி) கூறியதாக நூல்கள் தெரிவிக்கின்றன. ஹிஜ்ரி 23இல் அவர்கள் ஷஹீதானார்கள்.